தாய்மாமன் பக்கத்து ஆள்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. எதற்கும் பஸ்தான். பஸ்ஸில் இடம் வேண்டுமென்றால் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். துண்டு கிடக்கிற சீட்டில் அடுத்தவன் உட்காரக் கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம். அதை நம்பித்தான் இத்தனை வருஷம் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

அன்று அரியலூரில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான். குழந்தை என் மடியில் உட்கார வேண்டும், அதுதான் முறை. என் மனைவி பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, வர முடியாது. பங்காளிகளோடு வரப்புத் தகராறு. ஒருவனும் வரவில்லை. ஒரு கையில் சீர்ப் பை, இன்னொரு கையில் மாலை, வேப்பந்தட்டையிலிருந்து தனியாகக் கிளம்பினேன். தங்கை புருஷன் காலையிலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

"பதினோரு மணியோட நல்ல நேரம் முடியுது மச்சான். வந்தா வாங்க. இல்லாட்டி எந் தம்பி மடியில வச்சுக் குத்திடுவோம்."

அப்படி நடந்தால் சாகிற வரை சொல்லிக் காட்டுவார்கள்.

பெரம்பலூரில் அரியலூர் பஸ் வந்து நின்றது. துண்டை வீசினேன். சீட்டில் விழுந்ததைப் பார்த்தேன். இடிபட்டு ஏறிப் போனால், அங்கே ஒரு வடக்கத்தி ஆள் உட்கார்ந்திருக்கிறான். என் துண்டை நாலாக மடித்துக் கையில் வைத்திருக்கிறான். சிரித்துக்கொண்டே நீட்டினான்.

"அண்ணா, ஒங்க துண்டா? ஜன்னல்ல விழுந்துச்சு."

"விழல, போட்டேன்யா! எந்திரி!"

அவன் முழித்தான். முன் சீட்டில் முக்காடு போட்ட ஓர் அம்மா திரும்பினார்.

"ஏன் வாப்பா கத்துறே? துண்டு போட்டா எடம்னு அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? மாலைய இப்புடிக் குடு, நசுங்குது."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நிற்பவன் சுமையை உட்கார்ந்திருப்பவர் வாங்கிக்கொள்வது எங்கள் பஸ்ஸின் இன்னொரு சட்டம். சீட்டைத்தான் பிடுங்கிக்கொண்டான், சுமக்கவாவது செய்யட்டும் என்று சீர்ப் பையை அவன் மடியில் பொத்தென்று வைத்தேன்.

"பத்தரம்."

"செரி அண்ணா." இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான்.

கூட்டம் என்னைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனது. பஸ்ஸுக்கு முன்னால் சிமெண்ட் லாரி, அதற்கு முன்னால் இன்னொரு லாரி. நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சார், இது போய்ச் சேருமா?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"எறங்கி அந்த லாரியத் தூக்கி ஓரமா வச்சிட்டு வாங்க, ஒடனே போயிரலாம்."

எரிச்சலில் எல்லார் மேலும் கோபம் வந்தது. எங்கள் ஊர் எப்போது இப்படி ஆனது? டீக்கடையில் மலையாளி. ஸ்வீட் கடையில் ராஜஸ்தான்காரர், நம் வீட்டுச் சாவுக்கும் வந்து நிற்கிறார். பானிபூரிக்காரன் "காரம் தூக்கலா வைக்கவா அக்கா?" என்கிறான். எல்லாருக்கும் எல்லாம் தெரிகிறது, என் துண்டுக்கு அர்த்தம் மட்டும் தெரியவில்லை.

சிமெண்ட் ஆலைக்குப் பிரியும் ரோட்டில் ஹெல்மெட்டோடு ஒரு கும்பல் இறங்கியது. எல்லாம் வடக்கத்தி ஆட்கள். பஸ் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. பையில்தான் தோடு இருக்கிறது. தோடு இல்லாத மாமன் போய் என்ன, போகாமல் என்ன?

"யோவ், என் பை!" பத்துப் பேர் காலை மிதித்துக்கொண்டு முன்னால் போனேன்.

அவன் அதே சீட்டில் அதே மாதிரி பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அவன் எறங்குற எடம் போயிடுச்சு," என்றார் அந்த அம்மா. "நான் வாங்கிக்கிறேன்னு கையை நீட்டுனேன். குடுக்கமாட்டேன்ட்டான்."

"அடுத்த ஆளுகிட்ட குடுத்துட்டு எறங்க வேண்டியதுதானய்யா?"

"நீங்க குடுத்தீங்க அண்ணா. வேற ஆளுக்கு எப்படிக் குடுக்க?"

"வேலை?"

"போச்சு. சூப்பர்வைசர் திட்டும்."

இவனை என்ன செய்வது? அரியலூரில் இறங்கினோம். அந்த அம்மா மாலையை ஒரு பூ உதிராமல் என் கையில் கொடுத்துவிட்டு அவர் வழியில் போனார்.

"வா, சாப்பிட்டுட்டுப் போ," என்று அவனை ஆட்டோவில் ஏற்றினேன்.

கோயில் வாசலில் தங்கை புருஷன் நின்றார். குழந்தை அவர் தம்பி தோளில்.

"மணி பாத்தீங்களா மச்சான்? இன்னும் அஞ்சு நிமிசம். மாமன் பக்கத்துல தட்டுத் தூக்க ஒரு ஆளுகூட இல்லியா? பூசாரியத் தூக்கச் சொல்லவா?"

"தோ, நிக்கிறான்ல," என்றேன்.

பையிலிருந்ததைத் தட்டில் பரப்பி அவனிடம் நீட்டினேன். அவன் செருப்பைக் கழற்றினான், குழாயில் கை கழுவினான், தட்டை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் ஊர்ப் பழக்கமோ என்னவோ. பெண்கள் சிரித்தார்கள். தங்கைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"எந்த ஊரு தம்பி?" என்று அவனைக் கேட்டார் தங்கை புருஷன்.

"ஒடிசா."

"ஒடிசாவுல எப்ப மச்சான் பங்காளி புடிச்சீங்க?"

"இங்க இருக்குறவன் வரல. என்ன பண்ணச் சொல்றீங்க?"

குழந்தை என் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டியது. காது குத்துவதைப் பார்க்க மாட்டாமல் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டைப் பிடித்தபடி நின்றான்.

சாப்பிட்டதும் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். பெரம்பலூர் பஸ்ஸில் ஏறக் கூட்டம் முட்டியது. ஓடிப் போய் என் துண்டை ஜன்னல் வழியாக வீசினேன்.

"இப்பப் போய் ஒக்காரு. எவன் கேட்டாலும் எந்திரிக்காத."

உட்கார்ந்துவிட்டான். துண்டை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினான்.

"வச்சுக்கய்யா. நாளைக்கும் வேணும்."

பஸ் நகர்ந்தது. அவன் அதை மறுபடியும் நாலாக மடித்துக்கொண்டிருந்தான்.