ஸ்டிக்கரக்கா அழித்த டிஸ்க்

ஊரில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு முதுகில் எழுதியவள் அவள்தான். கார் கண்ணாடியில் பிள்ளைகளின் செல்லப்பெயர், வேன் கதவில் 'அவசரமா? பறந்து போ', சலூன் வாசலில் ஒரு கத்தரிக்கோல். யார் எதைக் கேட்டாலும் அதை வழவழப்பான ஸ்டிக்கர் தாளில் வெட்டி ஒட்டிக் கொடுப்பாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஊரில் ஆளில்லை. புருஷன்கூடச் சில நேரம் வாய் தவறி ஸ்டிக்கரக்கா என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

கடை ஒற்றை அறை. ஒரு சுவரோரம் அவளுடைய வெட்டும் மெஷின், எதிர்ச் சுவரோரம் நாத்தனாரின் ஜெராக்ஸ் மெஷின். நடுவில் இருந்த இடம் இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டே வம்பளக்கப் போதுமானதாக இருந்தது.

ஒருநாள் காலை கம்ப்யூட்டரிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. மெக்கானிக் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு பல்லி குடித்தனம் போட்டு, மின்சாரத்தோடு ஒட்டி உறவாடி, தானும் போய்ச் சேர்ந்து கம்ப்யூட்டரையும் துணைக்கு அழைத்துப் போயிருந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. இத்தனை வருஷமாக அவள் வரைந்த டிசைன் எல்லாம் அதில்தான் இருந்தன. மூடிவிட்ட ஓர் ஆபீசிலிருந்து வந்த பழைய டெஸ்க்டாப் ஒன்றை மெக்கானிக் அவள் தலையில் கட்டினார். பிழைத்த டிஸ்க்கையும் அதன் வயிற்றுக்குள் வைத்துத் திருகிக் கொடுத்தார்.

அந்த டெஸ்க்டாப்பில் இருந்தது புது விண்டோஸ். அதற்கு உலகத்தில் எல்லாம் தெரிந்தது, வெட்டும் மெஷினைத் தவிர. கேபிளைச் செருகினால், கல்யாண வீட்டில் பணக்காரச் சித்தப்பா பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்தச் சாதனம் யாரென்று தெரியவில்லை என்றது. மெஷினை இயக்கும் டிரைவர் புரோகிராம் பழைய விண்டோஸான எக்ஸ்பி-யில்தான் ஓடும். மெஷினைக் கடாசிவிட்டு வேறு வாங்கச் சொன்னார் மெக்கானிக். அவரைக் கடாசுவது சுலபம் என்று அவளுக்குப் பட்டது.

நாத்தனாரின் புருஷன் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறவர். ஸ்டிக்கரக்கா அவரை அண்ணா என்பாள். போனில் பிடித்தாள். மனிதர் விஷயம் தெரிந்தவர். ஆனால் எதையும் ஆதியிலிருந்து தொடங்கிச் சொல்வார். இந்த டெஸ்க்டாப்பில் எக்ஸ்பி-யைப் போட்டால் அது டிஸ்க்கே இல்லை என்று அடம்பிடிக்கும், முதலில் உள் செட்டிங்கில் போய் டிஸ்க் வேலை செய்யும் விதத்தைப் பழைய மாதிரிக்கு மாற்ற வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல அவள் மாற்றினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தங்கச்சி, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்தப் பழைய டிஸ்க்கைக் கழட்டி வெளிய வச்சிடு. ரெண்டும் ஒரே சைஸுன்னு சொல்றே. குழப்பம் வரும்."

அவள் சரியென்றாள். ஆனால் கேபினெட் மூடியின் திருகுகள் அசைய மறுத்தன. கத்தரிக்கோல் நுனி வளைந்ததுதான் மிச்சம். கழற்றினால் என்ன, கழற்றாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

பழைய கம்ப்யூட்டரோடு வந்த எக்ஸ்பி சிடி கீறல் விழுந்து கிடந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டதும் இரண்டு தடவை முனகிவிட்டு ஓடியது. நீலத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. எந்தப் பகுதியை அழிக்கட்டும் என்று கேட்டது. காட்டிய இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. மேலே இருப்பதுதான் ஆபீஸ்காரனுடையதாக இருக்கும் என்று முடிவுகட்டி அழிக்கச் சொன்னாள். நிஜமாகத்தானா என்று அது மறுபடி கேட்டது. பொம்பளை சொன்னால் நம்பமாட்டியா என்று திரையைத் திட்டிவிட்டுத் தட்டினாள்.

எக்ஸ்பி வந்து உட்கார்ந்தது. டிரைவரைப் போட்டாள். மெஷின் தலையை இடமும் வலமும் ஆட்டிக் கீச்சென்று கத்தியது. நாத்தனார் ஜெராக்ஸை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். ஸ்டிக்கரக்கா ஒரு வட்டத்தை வெட்டி, அதைத் தன் நெற்றியில் பொட்டாக ஒட்டிக்கொண்டாள்.

அந்தப் பெருமிதத்தோடு டிசைன்களைத் தேடி இன்னொரு டிஸ்க்கைத் திறந்தாள். உள்ளே முன்பின் தெரியாத ஒரு மேனேஜர் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். அடுத்த படத்தில் அவருக்கு ஊட்டிவிட்டார்கள். அதற்கடுத்ததில் அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய டிசைன் ஒன்றுகூட இல்லை.

அழித்தது தன்னுடைய டிஸ்க்கைத்தான். நாற்காலியில் உட்கார்ந்தவள் பொட்டை எடுக்கக்கூட மறந்து சுவரையே பார்த்தாள். நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அண்ணன் நேரில் வந்து, அழிந்ததை மீட்கும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டார். கொம்பில்லாத எழுத்தும், தலையில்லாத மயிலும், பெயரில்லாத குப்பையுமாக வந்தன. அவ்வளவுதான் தேறும் என்று கையை விரித்துவிட்டு, கழட்டி வைக்கச் சொன்னேனே என்று ஆரம்பித்தார். நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஸ்டிக்கரக்கா கூசாமல் சாதித்தாள். மனிதருக்கே சந்தேகம் வந்து தலையைச் சொறிந்தார்.

இரண்டு நாள் அவள் கடைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் நாத்தனார் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி ஹாரனை அமுக்கினாள்.

"அண்ணி, டிஸ்க்தானே போச்சு. ஒட்டினதெல்லாம் ஊருக்குள்ளதானே சுத்திக்கிட்டிருக்கு. வாங்க, போய்ப் பிடிப்போம்."

அப்படித்தான் தேடல் தொடங்கியது. நாத்தனார் வண்டி ஓட்ட, பின்னால் ஸ்டிக்கரக்கா டிரேசிங் பேப்பரும் டேப்பும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பாள். நின்ற வண்டியின் மேல் தாளை ஒட்டி எழுத்தின் ஓரத்தைப் படியெடுப்பாள். ஓடும் வண்டியைத் துரத்திப் போட்டோ எடுப்பாள். 'பறந்து போ' வேன்காரர், இவள் ஏதோ அதிகாரி, தன்மேல் வழக்குப் போடப் படம் எடுக்கிறாள் என்று நினைத்து நிஜமாகவே பறந்துவிட்டார். மூன்று தெரு துரத்தி, டீக்கடை முன்னால் மடக்கினார்கள். விஷயம் தெரிந்ததும் அவரே டீ வாங்கிக் கொடுத்துக் கதவைத் துடைத்தும் காட்டினார். இன்னொரு கார்க்காரர், காதலித்தவளின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே அளவில் அம்மா பெயரை ஒட்டியிருந்தார். அடியில் பழைய பெயரின் நிழல் இன்னும் தெரிந்தது. இரண்டையும் படியெடுக்கவா என்று நாத்தனார் கேட்டுத் தொலைத்தாள். அவர் கார் கதவை ஓங்கிச் சாத்தினார்.

அலைய அலைய ஸ்டிக்கரக்காவுக்கு ஒன்று உறைத்தது. அவள் பொக்கிஷமென்று அழுததில் பாதி பார்க்கச் சகிக்கவில்லை. சலூன் கத்தரிக்கோல் சிலுவை மாதிரி இருந்தது. பூக்கடை ரோஜா முட்டைக்கோஸ். அதையெல்லாம் படியெடுக்காமல் மனசுக்குள் திருத்தி வரைந்தபடி நகர்ந்தாள்.

பல் டாக்டர் வீட்டுக் கண்ணாடிக் கதவில் தாளை ஒட்டிவிட்டு எழுத்தைக் கூட்டிப் படித்தவள் கை அப்படியே நின்றது. 'வலியின்றிப் பல் பிடுங்கப்படும்' என்று இருக்க வேண்டியது, 'வழியின்றிப் பல் பிடுங்கப்படும்' என்று இருந்தது. நாத்தனார் ஸ்கூட்டர் ஹேண்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். ஸ்டிக்கரக்கா வியர்த்துப்போய் உள்ளே போனாள். தப்பை உடனே மாற்றித் தருகிறேன், மன்னிச்சுக்குங்க என்றாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடியே சொன்னார்:

"நீங்க ஒட்டின அன்னிக்கே பார்த்துட்டேன்மா. இங்க வர்றவங்க எல்லாரும் வேற வழியில்லாமத்தான் வர்றாங்க. உள்ளதைத்தானே எழுதியிருக்குன்னு விட்டுட்டேன். அது அப்படியே இருக்கட்டும்."

காத்திருந்த நோயாளி ஒருவர், வீங்கிய கன்னத்தோடு தலையசைத்தார். தன் மளிகைக் கடைக்கும் ஒரு போர்டு வேண்டும், எழுத்துப்பிழை வேண்டாம் என்று வாயைத் திறக்க முடியாமல் முனகலிலேயே கேட்டார். அன்று மாலைக்குள் அப்படி இன்னும் சிலர் வேலை கொடுக்க அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நடுத்தெருவில் கண்ணாடியை முகர்ந்துகொண்டு நிற்கும் பெண்பிள்ளையைப் பார்த்து விசாரித்தவர்கள்தான் எல்லாரும்.

கடையில் எக்ஸ்பி ஒழுங்காக ஓடியது. படியெடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரையில் வரைந்தாள். ரோஜாவுக்கு இதழ் வந்தது, கத்தரிக்கோலுக்குக் கண் வந்தது. வழியின்றியை மட்டும் அப்படியே வரைந்து வைத்தாள். ஒரு வாரம் கழித்து நாத்தனார் மொத்தத்தையும் ஒரு பென்டிரைவில் இறக்கி எங்கேயோ கொண்டுபோய் வைத்தாள். எங்கே வைத்தாய் என்று ஸ்டிக்கரக்கா கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியாத இடத்துல, அண்ணி. அதான் பத்திரம்" என்று சொல்லிவிட்டு, நாத்தனார் ஜெராக்ஸ் மெஷினுக்குத் தாள் போடத் திரும்பிக்கொண்டாள்.