அறுபதடிப் புகைபோக்கி

விருத்தாசலம் சிராமிக் எஸ்டேட்டில் ஓர் அகல்விளக்குப் பட்டறை. அங்கே செல்வநாயகி இருபத்திரண்டு வருடமாகக் களிமண் குழம்பு கலக்குகிறாள். அந்தக் குழம்பை அச்சில் ஊற்றித்தான் விளக்கு செய்கிறார்கள். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், அதில் கலந்தால் குழம்பு திரிந்துபோகும். அதனால் தகரக் கூரையில் விழும் மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். டிரம்மைத் திறந்ததும் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்ப்பாள் செல்வநாயகி. அவள் தலையாட்டினால்தான் மண் மூட்டையைப் பிரிப்பார்கள். இதை நாலு பேர் காதில் விழும்படி சொல்லிக்கொள்வதிலும் அவளுக்குக் குறைச்சல் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு முதலாளி சூளைக்கு டீசலை நிறுத்திவிட்டு டயர் ஆயிலுக்கு மாறினார். பழைய டயரை உருக்கி எடுக்கிற கறுப்பு எண்ணெய் அது. விலை கம்மி, புகை தாராளம். வேலை செய்த பெண்கள் பதினோரு பேரும் இருமி இருமி ஓய்ந்தார்கள். செல்வநாயகி சும்மா இருப்பாளா? எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் கேட்டருகே உட்கார்ந்துவிட்டாள்.

"பொகை போற கொழாய ஒசத்துங்க மொதலாளி. இல்லன்னா நாளையிலேருந்து நாங்க வரல" என்றாள்.

இருபதடிப் புகைபோக்கி அறுபதடி ஆனது. பூசணிக்காய் உடைத்தார்கள், அவள் கையாலேயே கற்பூரம் காட்டினார்கள். இருமல் நின்றது. அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் ஏழு பட்டறைக்காரர்கள் தாங்களும் உயர்த்திக் கட்டி, அதே எண்ணெய்க்கு மாறிக்கொண்டார்கள். புகை எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கண்ணை விட்டு மறைந்தால் தொலைந்தது என்று நினைத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் இருக்கிற வியாதிதான்.

இந்த ஐப்பசியில் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ராஜம்மாளின் கத்தரித் தோட்டம் கெட்டது. ராஜம்மாள், செல்வநாயகியின் மூத்த ஓரகத்தி. இலையெல்லாம் செம்புள்ளி, ஓரம் கருகல், பூ பூவாகக் கொட்டல். பக்கத்து நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்பவள் பூவாயி. புருஷன் திருப்பூரில் இருக்கிறான், இவள் மகளோடு தனியாகக் கிடந்து பாடுபடுகிறாள். ஆடியில் இரண்டு பேருக்கும் வாய்க்கால் தகராறு. போதாக்குறைக்கு அந்த வாரம்தான் பூவாயி கடையில் களை மருந்து வாங்கியிருந்தாள். ராஜம்மாளுக்கு வேறு சாட்சி எதற்கு?

பூவாயியின் நிலத்துக்குச் சொந்தக்காரர் கொளஞ்சிநாதன். ஊரில் பெரிய மனிதரும் அவர்தான். அவர் கறாராகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பூவாயி கற்பூரத்தை அணைத்து, அந்த வாரம் மருந்து டப்பாவையே தொடவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நிலத்தை விட்டு இறங்க வேண்டும்.

அதற்கு முந்தின புதன்கிழமை பட்டறையில் குழம்பு திரிந்தது. மழைத்தண்ணீரில் கலந்த குழம்பு தயிர்மாதிரி கெட்டியாகி அச்சில் இறங்கமாட்டேன் என்றது. செல்வநாயகி டிரம்மில் விரலை முக்கி நாக்கில் வைத்தாள். புளித்தது. சிராமிக் டிப்ளமோ படித்துவிட்டு அங்கே வேலை பார்க்கும் தென்றல் புளிப்பு பட்டால் சிவக்கிற சோதனைக் காகிதத்தில் ஒரு கீற்றை எடுத்து நனைத்தாள். அது சிவந்தது.

"இது ஆசிட் மழைக்கா. வடக்க இருக்கிற சூளைப் பொகையெல்லாம் நம்ம கூரையில எறங்கியிருக்குது. டயர் எண்ணெயில கந்தகம் ஜாஸ்தி. எரிஞ்சா பொகையில வரும், மேல ஈரத்துல ஊறி ஆசிடாயிடும்."

"நம்மளுதுதான் ஒசரமா போவுதே?"

"ஒசரமா போனா தூரமா போயி வுழும், அவ்ளோதான். இப்ப வாடைக்காத்து. தெக்க மேக்க போவும்."

தெற்கே மேற்கே என்றால் கருவேப்பிலங்குறிச்சி. ஓரகத்தி போனில் சொல்லி அழுத செம்புள்ளி செல்வநாயகிக்கு நினைவு வந்தது. தென்றலிடம் நாலு கீற்று வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு அன்று சாயங்காலமே பஸ் ஏறினாள். தோட்டத்தில் கவிழ்க்காமல் கிடந்த வாளியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. கீற்றை விட்டாள், சிவந்தது. சாலையோர முருங்கையை அண்ணாந்து பார்த்தாள். உச்சிக் கிளை இலையிலும் அதே செம்புள்ளி. அந்த உயரத்துக்கு எந்த மருந்து டப்பா எட்டும்?

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கார்த்திகைக்கு விளக்கு ஓடுகிற சமயம் இது. வாயைத் திறந்தால் பட்டறைக்கு சீல் விழும், பதினோரு வீட்டு உலையும் அணையும். அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று. புகைபோக்கியைப் போராடி உயர்த்தியவள் அவள்தான். பூவாயி சத்தியம் செய்துவிட்டால் எல்லாம் தானாக அடங்கிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் தட்டில் கற்பூரம் எரிந்தது. செல்வநாயகியும் வந்து கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். பூவாயி கையை நீட்டவில்லை.

"என் வரப்புக்கு மருந்து அடிச்சன்ங்க. தொடவே இல்லன்னு எப்பிடிங்க சத்தியம் பண்ணுவன்? கத்தரிக்கு அடிக்கல. அதுக்கு வேணும்னா அணைக்கறன்."

"முழுசா பண்ணு. முடியலன்னா நெலத்த வுட்டுடு" என்றார் கொளஞ்சிநாதன்.

கற்பூரம் சிறுத்துக்கொண்டே வந்தது. அது அணைந்தால் பூவாயி கதை முடிந்தது. கடைசியில் செல்வநாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

"அவ மேல தப்பில்லைங்க. எங்க சூளைப் பொகைதான் மழையில கரைஞ்சு இங்க வுழுது. சந்தேகமா இருந்தா முருங்க உச்சிய பாருங்க."

ராஜம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொழாய ஒசத்துனது நீதானடி?"

"நாந்தாங்க்கா. நாந்தான் கேட்டு ஒசத்துனன்."

பேச்சு அப்படியே திரும்பியது. முருங்கைக் கிளையை ஒடித்து வந்து பார்த்தார்கள். கொளஞ்சிநாதன், பூவாயி நிலத்திலேயே இருக்கட்டும் என்றார். அதிகாரிகளுக்கு எழுதிய மனுவில் முதல் கையெழுத்து செல்வநாயகியுடையது. எந்த எண்ணெய், எத்தனை சூளை என்று சொல்ல அவளை விட்டால் ஆள் இல்லை.

எட்டுச் சூளைகளுக்கும் சீல் விழுந்தது. கார்த்திகை விளக்கு வியாபாரம் இந்த வருடம் அம்போ. மூன்று முதலாளிகள் கேஸுக்கு மாறினார்கள். மற்றவர்கள் கந்தகம் குறைந்த எண்ணெய்க்குப் போனதோடு, புகையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி வெளியே விடத் தொட்டியும் கட்டினார்கள். பட்டறை திறந்தபோது செல்வநாயகியைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் கூட வேலை செய்தவர்களில் தென்றலைத் தவிர யாரும் அவளோடு பேசுவதில்லை. அவள் அதைத் தாங்கிக்கொண்டாள். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினோம் என்கிற தெம்பு உள்ளுக்குள் இருந்தது.

மார்கழியில் ஒருநாள் கருவேப்பிலங்குறிச்சி பஸ் ஸ்டாப்பில் பூவாயியைப் பார்த்தாள். கூட அவள் மகள், பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். பூவாயி கும்பிடுவாள், நல்ல வார்த்தை ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே சிரித்தபடி பக்கத்தில் போனாள்.

"தென்றல் பொண்ணு சொல்லிச்சு. ஒங்களுக்கு புதங்கெழமையே தெரியுமாமே?" என்றாள் பூவாயி.

செல்வநாயகிக்குச் சிரிப்பு நின்றது. தெரியும் என்று தலையாட்டினாள்.

"வெஷம் வச்சவ மவளுன்னு வியாழக்கெழம ஸ்கூல்ல இவள தனியா ஒக்கார வச்சாங்க. தண்ணிக் கொழாய தொட வுடல. அதுக்கப்புறம் இவ போவல, இன்னும் போவமாட்டங்கறா" என்றாள் பூவாயி. சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

பஸ் வந்து நின்றது. பூவாயி மகளை முன்னால் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள். செல்வநாயகி போக வேண்டியதும் அதே பஸ்தான். அவள் ஏறவில்லை.