ததேயு தேர்ந்தெடுத்த இன்ஜின்

ததேயு இறந்த செய்தி எனக்குக் குவைத்தின் ஃபஹாஹீலில், சலூன் நாற்காலியில், பாதி முகம் மழித்த நிலையில் வந்தது. ஷார்ஜாவில் எங்களோடு வேலை பார்த்த ராஜமணிதான் கூப்பிட்டான். "சேவியரே, நம்ம ததேயு போயிட்டான்டே. டூட்டியிலதான். நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தான், அவ்வளவுதான்." எனக்கு ஐயோ என்று வரவில்லை. "போயிட்டானா? இதையும் எங்கிட்ட சொல்லாமலா?" என்றுதான் வாயில் வந்தது. ராஜமணி போனை வைத்துவிட்டான்.

அவனைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். போனவனைப் பற்றி நல்லதை மட்டும் சொல்வதுதான் வழக்கம். நல்லதும் சொல்வேன். அதைச் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது.

நாங்கள் இருவரும் கட்டுமானக் கம்பெனி ஒன்றின் வண்டிப் பட்டறையில் மெக்கானிக்குகள். இருவருக்கும் கன்னியாகுமரிக் கடற்கரைதான் ஊர், பக்கத்துப் பக்கத்துக் கோயில் பங்கு. ஆனால் பழகியதெல்லாம் ஷார்ஜா கேம்ப் ரூமில்தான். அப்போது அங்கே இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவரும் எங்கள் மேனேஜரும் சேர்ந்து இங்கிலாந்திலிருந்து ஆளுக்கொரு கிட் கார் இறக்கினார்கள். கிட் கார் என்றால் முழுக் கார் அல்ல. பெட்டிக்குள் சட்டமும் ஃபைபர் உடம்பும் வரும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நாமே ஏதாவது பழைய வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். இன்ஜினியருக்கு அவசரமாக ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பெட்டியை எங்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பதிவு எண் கிடைக்குமா, ரோட்டில் விடுவார்களா என்பதெல்லாம் வேறு விஷயம். மற்றவர்களுடைய வண்டிகளுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்த எனக்கு, நானே கட்டிய ஒரு வண்டியில் உட்கார்ந்து அந்தப் பட்டறை யார்டுக்குள் ஒரு சுற்று வந்தால் போதும் என்றிருந்தது.

எந்த இன்ஜின் என்பதில்தான் சண்டை. எனக்கு அமெரிக்கன் பிக்கப்பின் எட்டு சிலிண்டர் மேல் கண். ததேயு ஒத்துக்கொள்ளவே இல்லை. "லே, இது துடைப்பக்குச்சி கனம் உள்ள வண்டி. அந்த யானையைத் தூக்கி முன்னாடி வெச்சா ஸ்டியரிங் திரும்புமா? பெரிய இன்ஜின் பாக்கதுக்கு. சரியான இன்ஜின் ஓட்டதுக்கு, கேட்டியா?" முன்சக்கரம் இழுக்கும் கார்களின் இன்ஜின் குறுக்கே உட்காரும், அது இந்தச் சட்டத்துக்கு ஆகாது, நெடுக்கே உட்காருகிற, பின்சக்கரத்தைத் தள்ளுகிற நாலு சிலிண்டர்தான் வேண்டும் என்றான். கியர்பாக்ஸ் தனியாக மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் சொன்னபோது என்னை முறைத்தான். "ரெண்டும் ஒரே வண்டியில ஒண்ணா ஓடுனதா இருக்கணும். பிரிச்சு எடுத்துச் சேத்தா ஆயுசுக்கும் முனகிக்கிட்டேதான் கிடக்கும்." அவன் சொன்னதையெல்லாம் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். என் நேரம்.

விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை, பூசை முடிந்ததும் நேராக ஸ்க்ராப் யார்டுகளுக்குப் போவோம். ததேயு ஒரு வேலை செய்திருந்தான். சட்டத்துக்குள் இன்ஜினுக்கு எவ்வளவு இடம், ஆயில் சம்ப் எங்கே இடிக்கும், கியர் கம்பு எங்கே மேலே வரும் என்று அளந்து, அதே அளவில் பிளைவுட்டில் ஒரு கூடு அடித்துவிட்டான். அதைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் யார்டு யார்டாக நடப்பான். கிடைக்கிற இன்ஜின் மேலெல்லாம் அதைக் கவிழ்த்துப் பார்ப்பான். பட்டாணியரான யார்டுக்காரர் ஒருவர், "க்யா பாய், இன்ஜின் கா கபர் பனாயா?" என்று கேட்டார். இன்ஜினுக்குச் சமாதி கட்டியிருக்கிறாயா என்று. யார்டு முழுக்கச் சிரித்தது. ததேயுவும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த இன்ஜினுக்குப் போனான். எத்தனை வெள்ளிக்கிழமை வெயிலில் காய்ந்தோம் என்று கேட்காதீர்கள். அவனுக்கு அலுக்கவே அலுக்காது. அப்படி ஒரு ஆளைக் கூட வைத்துக்கொள்ள யாருக்குத்தான் கசக்கும்?

கடைசியில் அந்தப் பட்டாணியின் யார்டிலேயே கிடைத்தது. ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலில் அனுப்பிய ஒரு வேனின் முன்பாதி. இரண்டு லிட்டர் இன்ஜின், ஐந்து கியர், இரண்டும் கழற்றப்படாமல் சேர்ந்தே இருந்தன. கூடு மேலே கச்சிதமாக இறங்கியது. பேட்டரி கொடுத்து அங்கேயே ஸ்டார்ட் பண்ணச் சொன்னான் ததேயு. முதல் சுழற்சியிலேயே பிடித்துக்கொண்டது. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் வைத்தான். "இதாம்லே நம்ம இன்ஜின். தொட்டுப் பாரு, அலட்டலே இல்ல."

அந்த யார்டுகளில் ஒரு நடைமுறை உண்டு. வாங்கிய சாமானை உடனே எடுக்க முடியாவிட்டால் அதன்மேல் பெயிண்டால் பெயரெழுதிவிட்டுப் போகலாம். பெயர் இருக்கும்வரை வேறு யாரும் தொட மாட்டார்கள். மறுவாரம் எனக்கு லீவு, ஊருக்குப் போக வேண்டும். நான் வந்ததும் சேர்ந்து எடுத்துப் பூட்டலாம் என்று முடிவு. ததேயு வெள்ளை பெயிண்டில் தமிழிலேயே எழுதினான்: ததேயு, சேவியர். "இங்கிலீஷ்ல எழுதுனா எவனாவது அழிச்சு மாத்தி எழுதுவான். இதை எவன்லே எழுதுவான் இங்க?" என்று சொல்லிச் சிரித்தான். ஏர்போர்ட்டுக்கு என் பெட்டியைத் தூக்கி வந்ததும் அவன்தான்.

இரண்டாயிரத்து எட்டின் கடைசி அது. நான் ஊரில் இருந்தபோதே துபாய், ஷார்ஜா பக்கமெல்லாம் கிரேன்கள் நின்றுபோயின. லீவு முடிந்து வந்ததும் ஆபீசில் கூப்பிட்டார்கள். பட்டறையைச் சுருக்குகிறோம், ஒரு மெக்கானிக் போதும், உன் விசாவைக் கேன்சல் பண்ணுகிறோம், கலாஸ், முடிந்தது. அது எல்லோருக்கும் வந்த இடி, எனக்கும் வந்தது என்று இருந்திருப்பேன். இன்ஜினைக் கொஞ்ச நாள் வைத்திருக்கச் சொல்லலாம் என்று யார்டுக்குப் போனேன். இடம் காலி. பட்டாணி ஆச்சரியமாகப் பார்த்தார். "ஆப்கா தோஸ்த் லே கயா, பாய். முதீர் கே சாத் ஆயா தா." உன் நண்பன்தான் எடுத்துப் போனான், மேனேஜரோடு வந்தான். பெயரை அவனே துணியால் துடைத்தானாம்.

பட்டறை ஓய்வறையில் அவனைப் பிடித்துக் கேட்டேன். பொய் சொல்லவில்லை, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

"மேனேஜர் வண்டிக்கும் அதே இன்ஜின்தாம்லே சேரும். நல்லதா ஒண்ணு பாத்துக் குடுன்னு கேட்டாரு."

"அதுக்கு நம்மளுதைக் குடுப்பியா?"

"ஒருத்தனைத்தான் வெப்போம்னும் சொன்னாரு. ஸ்டெல்லாவும் பிள்ளைகளும் இங்க வந்தாச்சு. நீ தனிக்கட்டை."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"போன்ல எப்படிலே கேக்க?" என்றான். தலையைக் குனிந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அடித்திருப்பேன். கை எழவில்லை. அதற்குப் பிறகு அவனோடு பேசவே இல்லை. கேன்சல் தாளில் கையெழுத்துப் போடப் போன அன்று மேனேஜர் தன் கிட் காரைப் பட்டறை யார்டுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார். பார்க்காமலேயே தெரிந்தது, அந்தச் சத்தம் என் உள்ளங்கையில் இருந்தது. இரண்டாவது, மூன்றாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. சண்டாளன், எவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். ததேயு கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். எங்கள் சட்டமும் ஃபைபர் உடம்பும் பட்டறைச் சுவரோரம் தார்ப்பாய்க்குள் கிடந்தன. அவற்றை என்ன செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு ததேயுவின் மனைவி ஸ்டெல்லா மைனி ஊரிலிருந்து எனக்குப் போன் பண்ணினார்கள். அழுகை அடங்கிய குரல். "தம்பி, முப்பதாம் நாள் பூசைக்குச் சின்னதா ஒரு புஸ்தகம் போடுறோம். அந்த இன்ஜின் கதையை நீங்கதான் எழுதணும்."

"எந்தக் கதை, மைனி?"

"நீங்க விட்டுக்கொடுத்தது. 'எனக்கு வேலை நிலைக்கணும்னு சேவியர் அவனா இன்ஜினைத் தூக்கிக் குடுத்தான், அவன்தான் மனுசன்'னு அவிய எத்தனை வாட்டி சொல்லியிருக்காவ தெரியுமா? பிள்ளைகள் ராத்திரி ஜெபத்துல உங்க பேரும் உண்டு, தம்பி."

எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். முதலில் இன்ஜினை எடுத்தான். பிறகு நான் பட்ட கோபத்தையும் எடுத்து, அதற்கு வெள்ளையடித்து, பிள்ளைகளின் ஜெபத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டான். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கதையை மாற்றினான் என்று எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த விட்டுக்கொடுத்த சேவியர் நான் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று இப்போது தினமும் யோசிக்கிறேன். கத்தியிருப்பேன், முதலில் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அதற்கப்புறம் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவன் விடவில்லை.

மைனி, நீங்கள் கேட்டபடி எழுதிவிட்டேன். நான் கொடுக்கவில்லை, அவன் எடுத்தான். இதைப் புத்தகத்தில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். பிள்ளைகள் என் பெயரைச் சொல்லி ஜெபிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். ததேயு இதைப் படித்திருந்தால் அடுத்த விமானத்திலேயே குவைத்துக்குச் சண்டைக்கு வந்திருப்பான். வரட்டும் என்றுதான் எழுதினேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம் ஒன்றுதான். இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.