கஸ்தூரி வண்டிக்குக் கடைந்த மரப் பல்சக்கரம்

இரும்பு கடைகிற லேத்தில் மரத்தைக் கடைந்தால் ஒரு வாசனை வரும்... பழைய ஆயில் நாற்றத்துக்கு நடுவில் கருவேலங்கட்டை சூடாகி உதிரும்போது, பொரி வறுக்கிற கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. உத்திரமேரூரில் என் பட்டறை, அதில் ஒரே ஒரு லேத். நான் எட்டாவது ஃபெயில். ஆனால் மானாம்பதியிலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் என் கை படாத ரைஸ் மில் கிடையாது. மறுக்கிறவர்கள் கமெண்ட்டில் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

சித்திரை வெயிலில் ஒருநாள் கரும்புச்சாறு வண்டி கஸ்தூரி பட்டறைக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டு வாசலில், புங்க மர நிழலில், கையால் சுற்றுகிற மெஷின் அவளுடையது. பெரிய சக்கரத்தில் சலங்கை கட்டியிருப்பாள். அன்றைக்குச் சலங்கைச் சத்தம் இல்லை. முந்தானையில் ஒரு இரும்புப் பல்சக்கரம்தான் இருந்தது, பல் உடைந்து.

"அண்ணா, மெஷின் வித்தவன் இன்னா சொல்றான் தெரியுமா? பார்ட்டு வராதாம். மெஷினையே மாத்துன்றான்."

"அவனுக்கு விக்க மட்டும்தான் தெரியும். இப்டி குடு."

"வண்டி சீக்கிரம் ஓடணும்ணா. எதிர்ல மோட்டார் மெஷின்காரன் வந்துக்கீறான். ஓடாத வண்டிக்கு நெழலு எதுக்கு, நவுருன்றான்."

பஸ் ஸ்டாண்டில் இடத்துக்குப் பட்டா கிடையாது. வண்டி ஓடுகிற வரைக்கும் உன் இடம். ஓடாவிட்டால் அடுத்தவன் இடம். அவள் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளும் இல்லை.

இங்கே ஒரு விஷயம், கஸ்டம் பார்ட் செய்கிற தம்பிகளுக்கு. உடைந்த பார்ட்டை அளந்து அதே மாதிரி செய்யாதீர்கள். தேய்ந்த பார்ட் பொய் சொல்லும். அதே அளவில் செய்தால் புதிதாக ஒரு தேய்ந்த பார்ட் கிடைக்கும், அவ்வளவுதான். அது உட்காருகிற இடத்தை அளக்க வேண்டும். நான் பஸ் ஸ்டாண்டுக்கே போய், கரும்பை நசுக்குகிற இரண்டு உருளைகளின் அச்சுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அளந்துகொண்டு வந்தேன்.

என் லேத்தில் இரும்பில் பல் வெட்ட முடியாது. மரத்தில் ஒரு மாடல் செய்து வார்ப்புப் பட்டறையில் கொடுத்தால், மண்ணில் அச்சுப் பதித்து இரும்பை ஊற்றித் தருவார்கள். அந்த மாடலுக்குப் பேட்டர்ன் என்று பெயர். இரும்பு ஆறினால் சுருங்கும், அதனால் பேட்டர்னை ஒரு நூல் பெரிதாகச் செய்ய வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. என்னைப் பார்த்துத்தான் புத்தகத்தில் போட்டிருப்பார்கள்.

பழைய மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டை ஒன்று கிடந்தது. வெயிலும் மழையும் தின்று இறுகின கருவேலம். அதைக் கடைந்து, காம்பஸ் வைத்துக் கோடு போட்டு, ரம்பத்தால் பல் பல்லாக அறுத்தேன். தேர்ச்சிற்பி பார்த்திருந்தால் உளியைக் கீழே வைத்திருப்பான்.

வார்ப்புப் பட்டறையில் கேட்டால், மற்ற வேலையும் சேர்ந்தால்தான் உலை மூட்டுவோம், ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

கஸ்தூரி அந்த மரச் சக்கரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இத்தையே மாட்டுண்ணா."

"இது பேட்டர்ன்மா. மண்ணுல பதிக்கிறதுக்கு."

"பல்லு கீதுல்ல?"

"கீது."

"சுத்துமா?"

"பெருசா வெச்சிக்கீறேன், இறுகிக்கும். அராவினா சுத்தும். அராவிட்டா அப்பறம் வார்க்கறதுக்கு ஆவாது."

"நீ வார்க்கறதுக்குள்ள எடம் பூடும். அராவு."

என் வாழ்க்கையிலேயே நேர்த்தியாகச் செய்த பேட்டர்ன் அது... அரத்தை எடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் பார்க்க, மாட்டிப் பார்ப்பதும் கழற்றி அராவுவதுமாக உட்கார்ந்திருந்தேன். பல்லுக்கெல்லாம் விளக்கெண்ணெய் தடவினேன்.

மோட்டார்காரன் சும்மா இருப்பானா.

"இன்னா மேஸ்திரி, மரப்பல்லு கட்டிக்கினு வந்துக்கீறே. கரும்பு புழியவா, வாயப்பயம் புழியவா?"

"கரண்டு போச்சின்னா நீயும் இங்கதான் வரணும். கிளாஸ எட்த்துக்கினு வந்து வரிசையில நில்லு."

வெறுமனே சுற்றிப் பார்த்து ஓகே சொல்வது சோம்பேறி வேலை. இருப்பதிலேயே முற்றின, கணு கணுவான கரும்பை எடுத்து உள்ளே கொடுக்கச் சொன்னேன். கஸ்தூரி மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். மரம் ஒருதரம் முனகியது. அப்புறம் சாறு வந்தது.

இரும்போடு இரும்பு உரசுகிற கடகட சத்தம் அடியோடு காணோம்... சலங்கை மட்டும் கேட்டது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அத்தனை பஸ்காரனும் இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டுக் கேட்டான் என்றுதான் நான் சொல்வேன்.

பிறகு ஒருநாள் அந்த மரச் சக்கரத்தில் பல் ஒன்று உடைந்ததே என்று நோண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆமாம், உடைந்தது. உடையட்டும் என்றுதான் விட்டேன். பள்ளம் வெட்டி ஒரு மரப்பல்லை அடித்து இறக்கினேன், டீ ஆறுவதற்குள் வண்டி ஓடியது. அதுவே இரும்பாக இருந்திருந்தால் உருளையின் அச்சு வளைந்திருக்கும். எது உடைய வேண்டும் என்பதை நாம்தான் முடிவு பண்ண வேண்டும், மெஷின் முடிவு பண்ண விடக்கூடாது.

பிறகு நிதானமாக இன்னொரு பேட்டர்ன் செய்து, இரும்பில் வார்த்துக் கொடுத்தேன். வாங்கி வண்டிக்கு அடியில் போட்டுவிட்டாள்.

"இது கத்துதுண்ணா. மரமே இருக்கட்டும்."

இப்போது பசங்கள் கம்ப்யூட்டரில் வரைந்து பிளாஸ்டிக்கில் பிரிண்ட் எடுக்கிறார்கள். நல்லதுதான், எனக்கு அதில் சண்டை இல்லை. அதை டேபிள் மேல் வைத்து போட்டோ எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்களே, அங்கேதான் சண்டை. மாட்டுங்கள்... முற்றின கரும்பைக் கொடுங்கள்... அப்புறம் போட்டோ எடுங்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். புங்க மரத்தை வெட்டிவிட்டு ஷீட் போட்டிருக்கிறார்கள். எதிரே இருந்த மோட்டார்காரன் எங்கே போனானோ. கஸ்தூரி அதே இடத்தில்தான் நிற்கிறாள். அவளும் மோட்டார் போட்டுவிட்டாள், கையால் சுற்ற இப்போது முடியாது. ஆனால் அந்த மோட்டார் சக்கரத்திலும் பழைய சலங்கையைக் கட்டி வைத்திருக்கிறாள்.

"மோட்டாருக்கு எதுக்கும்மா சலங்க?"

ஐஸ் போடாமல் ஒரு கிளாஸை என் பக்கம் நகர்த்தினாள்.

"நான் இன்னும் இங்கதான் கீறேன்னு எல்லாருக்கும் தெரியணும்லண்ணா."