ஸ்பேனர் பலகையை வரைந்தவன்

சிம்பாங் அம்பாட்டில் மாடி வீடு கட்டினேன். பாயான் லெப்பாசில் வெல்டிங் பட்டறை போட்டேன். அங்கே இருக்கிற தொழிற்சாலைகளில் எத்தனையோ பேருக்கு இரும்பு அலமாரி என் பட்டறையிலிருந்துதான் போனது. கோயில் தேருக்கு அச்சு மாற்ற வேண்டும் என்றபோது இரண்டு கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். நான் மாற்றினேன், தேர் இன்றும் ஓடுகிறது. மூன்று பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கினேன். நான் படித்ததோ தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு, அதிலும் பாதி நாள் அம்மாவோடு ரப்பர் பால்மரக் காட்டில். கடன் கேட்டுப் போனபோது வங்கிக்காரன் சிரித்தான். பெண் தர வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். நான் நிற்கவில்லை.

இதையெல்லாம் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், இருபது வயதில், நான் செய்த ஒன்று இருக்கிறது. அதை வேறொருவர் பெயரில் அச்சடிக்கப் போகிறார்கள்.

வியாழக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் வந்தது. கடலுக்கு அக்கரையில் இருந்த விமானப்படைப் பயிற்சி முகாமில் வேலை செய்த பழைய ஆட்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். பக்கத்தில் ஒரு பழைய படம்: பச்சைப் பலகை, அதில் ஒவ்வொரு ஸ்பேனர், பிளையர் உருவமும் சிவப்புச் சாயத்தில். கீழே மலாயில் ஒரு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தேன். பலகை, எங்கள் முகாம் சார்ஜண்டின் யோசனையாம்.

அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இப்போது நான் இருக்கிற மகள் வீடு ஜார்ஜ்டவுனில், ஒன்பதாவது மாடி. கூடத்துக்கும் பால்கனிக்கும் நடக்கிறேன். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். "அப்பா, டாக்டர்கிட்ட போவோமா?" என்கிறாள். டாக்டருக்கு இதில் என்ன தெரியும்?

நடந்ததைச் சொல்கிறேன். நான் அந்த முகாமில் விமானக் கொட்டகை கூட்டுகிற ஆள். எண்ணெய்த் தட்டு கழுவுவேன், சாமான்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பேன். தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். அதைத் தாண்டி விமானத்துக்குப் பக்கத்தில் எங்களைப் போன்றவர்கள் போகக் கூடாது, போனால் அன்றோடு வேலை இல்லை.

சார்ஜண்ட் கெடாவிலிருந்து வந்த மலாய்க்காரர். சட்டைக் கை மடிப்பில் விரலை வைத்தால் வெட்டும், அப்படித் தேய்த்திருப்பார். விமானத்தைக் கழற்றி மாட்டிப் பழுது பார்க்கிற பிட்டர் ஒரு சீன நண்பன். விமானத்தில் வேலை முடிந்ததும் பெட்டியில் சாமான்களை எறிந்துகொண்டே தன் ஹொக்கியன் சீன மொழியில் சத்தமாக எண்ணுவான். பதினெட்டு வந்தால் விமானம் போகலாம். கணக்கு எழுதுவது நம் தமிழ் முஸ்லிம் பாய். இரண்டு விரலால் டைப் அடிப்பார், அடிக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் வாய் அசையும்.

எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஸ்பேனரில் பொறித்திருக்கும் அளவும் புரியாது. துடைத்துத் துடைத்து, உருவம்தான் மனசில் இருந்தது. ஒரு நாள் காலை பிட்டர் பதினெட்டு எண்ணிவிட்டான். விமானத்தை வெளியே தள்ளியாயிற்று. நான் பெட்டியை எடுத்துத் துடைக்கிறேன். கையில் ஒன்று புதுசாகப் படுகிறது. குட்டையாக, பளபளவென்று. கழுத்து வளைந்த ஸ்பேனரைக் காணோம். பிட்டர் தன் மோட்டார் சைக்கிள் ஸ்பேனரைக் கைத்தவறுதலாகப் பெட்டியில் போட்டுவிட்டான். எண்ணிக்கை சரி, சாமான் தப்பு.

ஓடினேன். மஞ்சள் கோடெல்லாம் கண்ணில் படவே இல்லை. பயிற்சிக்கு வந்த பையன் விமானத்தில் ஏறி வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் கையை ஆட்டிக்கொண்டு விமானத்துக்கு முன்னால் போய் நின்றேன். சார்ஜண்ட், "கிலா கா?" என்று கத்தினார், பைத்தியமா என்று. குட்டை ஸ்பேனரை நீட்டினேன். அதை ஒருமுறை பார்த்தார், பையனைக் கீழே இறக்கினார். பிட்டர் இருக்கையைத் தூக்கினான். விமானத்தை மேலும் கீழும் திருப்புகிற தண்டுக்கு ஒட்டினாற்போல் வளைந்த கழுத்து ஸ்பேனர் கிடந்தது. மேலே போனபின் அது நகர்ந்து தண்டு மாட்டியிருந்தால் அந்தப் பையன் இல்லை.

சாயங்காலம் நான் ஒவ்வொரு சாமானையும் பலகையில் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, உள்ளே சிவப்பு அடித்தேன். சாமான் தொங்கவில்லை என்றால் சிவப்பு முறைக்கும். வேறு சாமானைத் தொங்கவிட்டால் உருவம் பொருந்தாது. எண்ண வேண்டியதே இல்லை. பலகையும் சாயமும் கொடுத்தது சார்ஜண்ட், அதை மறைக்கவில்லை. வெளிநாட்டில் இப்படிப் பலகை ஏற்கெனவே இருக்கிறது என்று பின்னால் ஒருத்தர் சொன்னார். இருக்கட்டும். எங்கள் கொட்டகைக்கு அது வெளிநாட்டிலிருந்து வரவில்லை.

வெள்ளிக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கெலுகோரில் பாய் வீட்டுக்குப் போனேன். மலரைத் தொகுப்பது அவர்தான்.

"ஒக்காருங்கலா அண்ணே. தே தண்ணி கலக்கச் சொல்றேன்."

"தேயும் வேணாம், ஒன்னும் வேணாம். பலகைய வரைஞ்சது யாரு பாய்?"

"நீங்கதான். நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேனே. மூக்கெல்லாம் செவப்புச் சாயம்!"

"அப்புறம் ஏன் சார்ஜன் பேரு?"

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் டைப் அடிச்ச ரிப்போட்டுல அப்படித்தான் இருக்கு. அண்ணே, அன்னிக்கு என் கையப் புடிச்சிக்கிட்டு, 'என் பேரு வேணாம் பாய், கோட்டைத் தாண்டிட்டேன், வேல போயிரும்'னு கெஞ்சுனது யாரு? சார்ஜன்தான், 'சரி, என் பேரப் போடு'ன்னாரு. ஒங்க வேலையக் காப்பாத்துனதே அந்தப் பேருதான்."

எழுந்து ஜன்னல் பக்கம் போனேன், திரும்பி வந்தேன். அது உண்மை. கெஞ்சியது நான்தான். வீட்டில் ஐந்து வயிறு என் ஒருத்தன் சம்பளத்தில் இருந்தது.

"சார்ஜன் இப்ப இல்ல. விழாவுக்கு அவரு புள்ளைங்க வருவாங்க," என்றார் பாய். "பிட்டர் தப்பும் வெளிய வருமே?"

அங்கேயே பிட்டருக்குப் போன் போட்டேன். மலாயில்தான் பேசிக்கொள்வோம். விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்தான். "எழுதுலா! இந்த வயசில என்னை வேலையிலிருந்து தூக்கவா போறாங்க?"

பாய் சொன்னார்: "அப்ப எழுதிக் குடுங்க அண்ணே. செவ்வாய்க்கிழமை பிரிண்டுக்குப் போவுது."

எழுதிவிட்டேன். சார்ஜண்டின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அவர் பெயர் இருக்கட்டும், பலகை கொடுத்தவர், என்னைக் காட்டிக் கொடுக்காதவர் என்று. அவர் பிள்ளைகள் தலை நிமிர்ந்து படிக்கலாம். ஆனால் அதற்கு மேலே, முதல் வரியில், என் பெயர் வர வேண்டும். பொறுப்பாளர், உதவியாளர் என்று அலங்காரம் வேண்டாம். கொட்டகை கூட்டியவன் என்றே போடுங்கள். கூட்டியவன்தான் கண்டுபிடித்தான், அவன்தான் வரைந்தான். மலாயில் போடுங்கள், ஆங்கிலத்தில் போடுங்கள், கட்டாயம் தமிழில் போடுங்கள். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்ப வேண்டும், நான் என் கண்ணால் படிக்க வேண்டும்.