பத்தடி அறையில் இருபதடிப் பார்வை

கண் பரிசோதனைத் தொழிலில் கண்ணைவிட அதிகம் படுத்துவது இடம். சின்ன அறையில் எழுத்துப் பலகையை மாட்டிக்கொண்டு திண்டாடும் சகாக்களே, உங்களுக்குத்தான் இது புரியும். பலகை இருபதடி தள்ளி இருக்க வேண்டும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிக் கடையின் பின்னால் எனக்கு வாய்த்த அறையோ பத்தடி. அதனால் பலகையை நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டி, எதிரே ஒரு நிலைக்கண்ணாடி வைத்தேன். அதில் பார்த்துப் படித்தால் தூரம் இருபதடி ஆகிவிடும்.

முதலில் முகம்

அவலூர்பேட்டை மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரி ஒருவர் வந்தார். "எதிரே பாருங்க" என்றேன். பார்த்தார். பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார், மீசையை ஒதுக்கினார். "முகத்தை இல்லைங்க, மேலே தெரியிற எழுத்தை" என்றதும் சடாரென்று பின்னால் திரும்பிப் பலகையையே நேராகப் பார்த்தார். நிலைக்கண்ணாடிக்காக எழுத்தெல்லாம் இடவலம் மாற்றி அச்சடித்த பலகை அது. அவருக்கு வந்ததே கோபம்!

"இன்னா சார், எழுத்தத் திருப்பிப் போட்டு வச்சிட்டு எனக்குக் கண்ணு தெரியலன்றீங்களே!"

திரைக்கு அந்தப் பக்கம்

காத்திருப்போர் பெஞ்சுக்கும் எனக்கும் நடுவே ஒரு துணித்திரைதான். மேல்சித்தாமூர் அம்மா ஒருவர் மூன்றாவது வரியில் தயங்க, திரையை விலக்கி அவர் கணவர் எழுத்தெடுத்துக் கொடுத்தார். அதட்டினேன். அடுத்த வரிக்கும் அவர் தலை எட்டிப் பார்த்தது. "அம்மா, நீங்களே சொல்லணும்" என்றேன்.

"முப்பது வருசமா எனக்கும் சேத்து அவருதான் பேசுறாரு. இன்னிக்கு மட்டும் இன்னா சார் புதுசா?"

வேன் முருகன்

சிங்கவரம் முருகன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ரோட்டோரம் நிற்கும் பிள்ளைகள் கிட்டே போன பிறகுதான் தெரிகிறார்கள் என்று பயந்து வந்தார். அன்று பார்த்து, கல்யாணப் பெண் ஒருத்தி ஃபிரேம் போட்டுப் பார்க்கவென்று என் நிலைக்கண்ணாடியைக் கடைக்காரர் கடையின் முன்பக்கத்துக்குத் தூக்கிப் போயிருந்தார். நான் சோம்பல்பட்டு, சாதாரணப் பலகை ஒன்றை எதிர்ச்சுவரில் மாட்டினேன். இருபதடிக்கான எழுத்தைப் பத்தடியில் வைத்தால் யாருக்குத்தான் தெரியாது? முருகன் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். "கண் பிரமாதம், தைரியமா ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

நான்காம் நாள் முகம் வெளுத்து வந்தார். ஸ்டாப்பில் கைகாட்டிய ஒரு பிள்ளையைக் கவனிக்காமல் உரசுகிற மாதிரி தாண்டிப் போயிருக்கிறார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. உடனே நிலைக்கண்ணாடியை மாட்டி மறுபடி சோதித்தேன். பாதிப் பலகையிலேயே நின்றுவிட்டார். தப்பு என்னுடையது என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டேன். கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்து, அது கைக்கு வரும்வரை வேனைத் தொடாதீர்கள் என்றேன். அவர் திட்டவில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒங்க ரூம்புல எல்லாம் நல்லாத்தான் சார் தெரிஞ்சிது. புள்ளைங்கதான் ரோட்டுல நிக்கிதுங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் டேப்பைப் பிடித்து முதல் பரிசோதனை என் அறைக்குத்தான். அது பாஸானால்தான் ஊரார் கண்ணுக்கு மார்க் போடுகிறேன்.