இஞ்சின் ஆறட்டும்

என் வீட்டுக்காரருக்கு ஊரில் வெடி மெக்கானிக் என்று பெயர். தொழில், டிராக்டர் பழுது பார்ப்பது. வெடி என்பது அவருடைய வாய். நட்டு கழலவில்லை என்றால் நட்டைத் திட்டுவார், அதைச் செய்தவனைத் திட்டுவார், சமயத்தில் கடவுளையும் விடமாட்டார். அவருக்கும் சேர்த்து நான்தான் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

என் தம்பி அடுத்தவர் டிராக்டரையே ஓட்டிப் பிழைத்தவன். என் வீட்டுக்காரரின் அண்ணன் தன் பழைய டிராக்டரை விலைக்குக் கொடுப்பதாகச் சொன்னதும், அதை நம்பி இருந்த வேலையையும் விட்டுவிட்டான். "உன் அத்தான் வந்து ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொல்லட்டும், எடுத்துக்கோ" என்றார் பெரியவர். கூடப் பிறந்தவன் தன்னைக் காட்டிக்கொடுப்பானா என்ற தைரியம்.

காலையில் மூவரும் போனோம். பெரியவர் சாவியைத் திருப்பினார். தொட்டதும் கிளம்பியது. தம்பிக்கு வாயெல்லாம் பல்.

"பார்த்தியா? குதிரை!"

இவர் இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தார்.

"அணைங்கண்ணே. நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டியிருக்கீங்க. கொதிக்குது."

"நீங்கல்லாம் வர்றீங்கன்னு கொஞ்சம் சூடு பண்ணி வச்சேன்டா."

"இது என்ன டீயா, சூடு பண்ணி வைக்க?"

கம்ப்ரஷன் குறைந்து, உள்ளே காற்றை அழுத்த வலுவில்லாத இஞ்சின், ஆறிக் கிடந்தால் கிளம்ப முரண்டு பிடிக்கும். சூடாக இருந்தால் சமர்த்துப் பிள்ளையாகக் கிளம்பிவிடும். விற்கிறவர்கள் செய்கிற வேலைதான். சொந்தத் தம்பியிடமே செய்வார் என்று நான் நினைக்கவில்லை.

இவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆறட்டும்."

என் ஓரகத்தி டீ கொண்டுவந்து நீட்டினார். "வேணாம் அண்ணி, குடிச்சா வாய் அடங்கிடும்" என்றார் இவர்.

மத்தியானம் ஆறியது. இப்போது சாவியைத் திருப்பினால் குதிரை இருமியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, கிளம்பவே இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து மறுபடி சுற்றச் சொன்னார். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. பிறகு டீசல் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, கம்ப்ரஷன் மீட்டரை மாட்டினார். மூன்று சிலிண்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டில் முள் பாதிகூட ஏறவில்லை. உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தும் அசையவில்லை.

"பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா ஆயில் விட்டதும் முள் ஏறியிருக்கும். இது ரெண்டுக்கும் நடுவுல அடைப்பா இருக்கற ஹெட் கேஸ்கட் எரிஞ்சு, காத்து தண்ணிக்குள்ள போகுது. தண்ணி குறையுறது உங்களுக்குத் தெரியாதா?"

"ஊத்தி ஊத்தி ஓட்டினேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தானே ஓட்டறான்?"

"அதை இவன்கிட்ட சொன்னீங்களா?"

பெரியவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "டேய், நீ எனக்குத் தம்பியா, உன் பொண்டாட்டி வீட்டுக்குக் காவல்காரனா?"

அப்போது வெடித்தது. "தம்பிங்கறதாலதானே என் வாயை இரவல் வாங்கப் பார்த்தீங்க! கேஸ்கட் போனா கடையில வாங்கிடலாம். என் பேச்சு போனா எந்தக் கடையில வாங்குவேன்? சரி பண்ணிட்டு வில்லுங்க, நானே வந்து பிரிச்சு மாட்டித் தர்றேன்!"

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம், போடா!"

தம்பி பழைய முதலாளியிடமே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "என்னடா, டிராக்டர் முதலாளி வந்துட்டாரா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டுத்தான் வேலை கொடுத்தாராம். அன்று ராத்திரி சாமி விளக்கை ஏற்றினேன். தினமும் உறவு முழுவதற்கும் வேண்டிக்கொள்கிற நான், பெரியவர் முறை வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். கடவுள் தப்பாக நினைத்தால் நினைக்கட்டும்.

கொஞ்ச நாள் கழித்து, அதே வண்டியைப் பார்க்க வெளியூர்க்காரர் ஒருவர் வருவதாகத் தெரிந்தது. இவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

போனபோது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் குதிரைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் குரல் இறங்கிவிட்டது. இவர் சைக்கிளைச் சாத்தினார். அதே டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாருங்க இவரு?" என்றார் வந்தவர்.

"என் தம்பி. மெக்கானிக்கு."

"அப்போ கிட்ட வந்து பார்க்காம ஏன் அங்க உட்கார்ந்திருக்காரு?"

பெரியவர் துண்டை எடுத்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். வந்தவர் இவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். மெதுவாகப் போய் இஞ்சினை அணைத்தார்.

நான் டயர் பக்கம் போனேன்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க, ஆற நேரமாகும்" என்றேன்.